கேஸ்கெட்டுக்குத் தடவிய பசை

1

நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று எங்கள் கார் நடுவழியில் நின்றுவிட்டது.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. ஆம்பூர் பஜாரில் சனிக்கிழமை சாயங்காலம் நிற்கும் கூட்டத்தைக் கொண்டுவந்து இங்கே இறக்கினால் ஊர் நிரம்பி வழியும். ஐந்து வருடத்தைக் கொண்டாட ஏரிக்குப் போகலாம் என்று என் கணவர் பிரபு சொன்னார். தக்காளி சாதமும் கேசரியும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பின் சீட்டில் எங்கள் மகள் ரித்திகா. ஐந்து வயது. பாதி மேடு ஏறும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போவதைப் பார்த்தேன்.

"ஏங்க, முள்ளு மேல போகுது."

"மேடு இல்ல? அப்படித்தான் போவும்."

"ரொம்ப மேல போகுதுங்க."

"நீ இன்னாத்துக்கு முள்ளையே பாத்துனு வர்ற? வெளிய பாரு, ஏரி தெரியுது."

ஏரி தெரிந்தது. கூடவே பின்னால் வெள்ளைப் புகையும் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டியபோது "கார் சமைக்குது" என்று ரித்து ஆங்கிலத்தில் சொன்னாள். இழுவை வண்டி வரும்வரை சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து கேசரியைச் சாப்பிட்டோம்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். கதவைப் பூட்டினேனா என்று இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்தேனா என்று மூன்றாவது முறை யோசிப்பேன். அன்றைக்கு அந்தப் புகையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அன்றிலிருந்து பதினாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை, நான் வேலையில் சேர வேண்டும்.

வேலை முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், குடிநீரைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. ரயிலும் கிடையாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

2

அந்த வேலைக்கு நான் அலைந்த கதை தனி. ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று தினமும் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது என் வேலை. இங்கே வந்ததும், அந்தப் படிப்பும் அனுபவமும் என்னுடையவைதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

என் பெயர் கலைவாணி. அப்பா ஏழுமலை. கல்லூரிச் சான்றிதழில் "ஏ. கலைவாணி". பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் ஏறிவிட்டது. அதனால் இந்த நாட்டில் நான் "மிஸஸ் ஏழுமலை". ஆஸ்பத்திரியில் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அம்மா வந்து எழுந்து நிற்பாள் போல எனக்குத் தோன்றும். ஏ. கலைவாணியும் மிஸஸ் ஏழுமலையும் ஒரே ஆள்தான் என்று ஒரு கடிதம் கேட்டார்கள். கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட உறையில் வர வேண்டும். உறை வந்தது, ஓரம் கிழிந்திருந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வந்தது. அதற்குள் விண்ணப்பப் படிவமே மாறிவிட்டது. இப்படியே மூன்று வருடம் போய், ரித்துவைப் பள்ளியில் சேர்த்த வாரத்தில்தான் வேலைக்கான கடிதம் வந்தது. அதை மடிக்காமல் அப்படியே ஃபைலில் வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் கார்.

திங்கட்கிழமை ஊரில் இருக்கும் மெக்கானிக் வந்து பார்த்தார். என்ஜினின் மேல்பாகத்தை ஹெட் என்கிறார்கள், கீழ்ப்பாகத்தை பிளாக் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது, அதுதான் கேஸ்கெட். எண்ணெயும் தண்ணீரும் நெருப்பும் அவரவர் வழியில் போக, ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது போய்விட்டது. கழற்றி மாட்ட ஆகும் கூலி காரின் விலையைவிட அதிகம் என்றும், ஆறு வாரத்துக்கு அவருக்கு நேரமே இல்லை என்றும் சொன்னார். பழைய இரும்புக் கடையின் நம்பரையும் மரியாதையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரபு பள்ளிகொண்டாக்காரர். மெக்கானிக்கலில் டிப்ளமோ. படித்து முடித்த பிறகு ஒரு வண்டியைத் தொட்டவரில்லை. இங்கே பால்பவுடர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறார். மெக்கானிக் போனதும் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் காரையே பார்த்தபடி நின்றார்.

"நம்மளே பண்ணிக்கலாம் கலா."

"இன்னா பண்றது?"

"ஹெட்ட இறக்கிடலாம்."

"விளையாடுறீங்களா? சைக்கிள் செயின் மாட்றதுக்கே நம்ம ஊர்ல ஆளக் கூப்டவரு நீங்க."

"அங்க ஆளு இருந்தான், கூப்ட்டேன். இங்க ஆளு இல்ல. நீ புக்கப் படி, நான் கழட்றேன். அவ்ளோதான். பாத்துக்கலாம் விடு."

இந்தப் "பாத்துக்கலாம் விடு" என்ற வார்த்தையை நம்பித்தான் நான் கடல் தாண்டி வந்தேன். எரிச்சலும் வரும், கொஞ்சம் தைரியமும் வரும்.

எனக்கு அப்போது கம்பெனி வேன் ஞாபகம் வந்தது. அம்மா இருபத்திரண்டு வருடமாக ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன், பேர்ணாம்பட்டு ரோட்டில் மாதம் ஒரு முறையாவது நின்றுபோகும். முப்பது பேர் சாப்பாட்டுக் கூடையோடு இறங்கித் தள்ளுவார்கள். எடுக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போகும். ஆனாலும் அங்கே யாரும் தனியாக நிற்கவில்லை. தள்ளுகிறபோதே ஒருத்தி டிரைவரைக் கிண்டல் செய்வாள், இன்னொருத்தி யாருடைய கூடையிலிருந்தோ வடையை எடுத்துச் சாப்பிடுவாள். இங்கே தள்ளுவதற்கு நாங்கள் இரண்டு பேர். ஒரு டிப்ளமோ, ஒரு சந்தேகப் பேர்வழி.

3

செவ்வாய்க்கிழமை காலை ரித்துவைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆரம்பித்தோம். பிரபுவுக்கு அந்த இரண்டு வாரமும் மதிய ஷிஃப்ட், கூட வேலை செய்பவரின் காரில் போய்விடுவார். காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை கராஜ் எங்களுடையது. வாடகை வீடு. தரையில் எண்ணெய்க் கறை பட்டால் வீட்டைப் பார்வையிட வரும் ஏஜென்ட் பெண் எழுதி வைத்துவிடுவாள் என்று பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக விரித்தேன். அதன்மேல் ஒரு பழைய போர்வை. "குழந்தை பொறக்கப் போற மாதிரி ரெடி பண்றியே" என்றார் பிரபு.

பழுதுபார்க்கும் புத்தகத்தை அச்செடுத்து நான் படிக்க வேண்டும், அவர் கழற்ற வேண்டும். நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன்.

"எட்டாவது போல்ட்ட முதல்ல லூஸ் பண்ணணும். இருங்க. எட்டாவது தானா? ஆமா, எட்டு."

"லூஸ் பண்ணட்டுமா?"

"இருங்க, இன்னொரு தடவ பாத்துடறேன்."

"நீ பாத்து முடிக்கறதுக்குள்ள அது துருப்பிடிச்சுத் தானா கழண்டுடும்."

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரை முந்தினேன். ஷூ கம்பெனியில் தோலிலிருந்து வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, ஜோடி பிரியாமல் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். இடது காலும் வலது காலும் ஒரே தோலில் வந்தால்தான் நிறம் சேரும். எம்.எஸ்ஸி. சேர்வதற்கு முன்னால் இரண்டு கோடை விடுமுறை அம்மாவோடு வேனில் போய், அந்த நம்பர் போடும் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். தோலில் குறி போட அங்கே கொடுக்கும் வெள்ளிநிறப் பேனாவுக்கு இங்கே எங்கே போவது? ரித்துவின் கலர் பென்சில் டப்பாவில் ஒன்று இருந்தது. கழற்றிய ஒவ்வொன்றுக்கும் குறி போட்டேன். ஒரு அட்டையில் என்ஜினின் படத்தை வரைந்து, போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்தி நிறுத்தினேன். பிரபு ரொம்ப நேரம் அந்த அட்டையையே பார்த்தார். "காலேஜ்ல இத யாரும் சொல்லித்தரல" என்றார். அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு. அன்று முழுவதும் நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

உதிரிபாகக் கடையில்தான் மானம் போனது. கவுண்டரில் இருந்தவரிடம், வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகு, காற்று இறங்கியிருந்த மாற்றுச் சக்கரத்தைப் பற்றியும் கேட்டேன். "டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா?" அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும், நிதானமாக, அதே இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். இரண்டும் ஆங்கில வார்த்தைகள் என்றே முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், அங்கே நின்ற யாருடைய காரிலாவது காட்டாத குறைதான். இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்தக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே "ஸ்டெப்னி சௌக்கியமா?" என்று கேட்டார். அவர் வாயில் அது ஏதோ ஒரு அத்தையின் பெயர் மாதிரி இருந்தது.

கழற்றிய ஹெட்டைப் புதன்கிழமை நகரத்தில் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். சூட்டில் வளைந்திருந்ததை மட்டமாக இழைத்துச் சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை. இறக்கிய தலையைத் திருப்பி ஏற்றும் நாள்.

புதுக் கேஸ்கெட்டை உறையிலிருந்து எடுத்தேன். மெல்லிய எஃகுத் தகடு, மூன்று அடுக்கு. அதனோடு ஒரு மடித்த காகிதம் இருந்தது. அதை ஓரமாக வைத்தேன். புத்தகத்தில் வேறொரு பக்கத்தில், மேல்மூடியின் மூலைகளுக்குப் பசை தடவச் சொல்லியிருந்தது. அதற்காக வாங்கிய சாம்பல்நிறப் பசை ட்யூப் மேசைமேல் இருந்தது.

"இதுக்கும் தடவணுமா?" என்றார் பிரபு, கேஸ்கெட்டைக் காட்டி.

எதைக் கேட்டாலும் "இருங்க, பாத்துடறேன்" என்று சொல்கிற நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. "தடவாம எப்படி ஒட்டும்?" என்றேன்.

பசையைப் பற்றி எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்தவள். அம்மாவின் புடவையில் அது இருக்கும், தலைமுடியில் இருக்கும், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகும் இருக்கும். ஷூவின் மேல்தோலையும் அடியையும் ஒட்ட ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் மெலிசாகத் தடவ வேண்டும். ஈரத்தோடு ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், விரலோடு வரக் கூடாது, அந்தப் பதம் வரும்வரை காய விட வேண்டும். பிறகு ஒரே அழுத்து. அப்படி ஒட்டியதைப் பிய்க்க முடியாது, தோல்தான் கிழியும். ஓரம் பிரிந்தால் முழு ஜோடியும் கழிவுப் பெட்டிக்குப் போகும்.

"நீங்க ட்யூப அழுத்துங்க, நான் தடவறேன்" என்றேன். கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும், பிறகு ஹெட்டிலும், பிளாக்கிலும். ஒரு பழைய பேங்க் கார்டால் மெலிசாக இழுத்தேன். கை தானாகப் போனது. விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பதம் வந்ததும் "இப்ப வைங்க" என்றேன்.

"சூப்பர்வைசர் அம்மா சொன்னா சரி" என்று ஹெட்டைத் தூக்கி வைத்தார்.

பத்து புது போல்ட். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனரை இரவல் வாங்கி வைத்திருந்தோம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன வரிசையில் இறுக்கினோம். இதையெல்லாம் நான் மூன்று முறை சரிபார்த்தேன். வரிசையைச் சரிபார்த்தேன், அளவைச் சரிபார்த்தேன், குறிகளைச் சரிபார்த்தேன். பசையை மட்டும் சரிபார்க்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினார். முதலில் இருமியது. இரண்டாவது முறை எடுத்துக்கொண்டது. ரித்து கைதட்டினாள். நான் அழுதேன் என்று பிரபு சொல்கிறார், எனக்கு ஞாபகம் இல்லை.

5

மறுநாள் காலை ரித்துவைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது முள் மறுபடி ஏறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிகிறது. அந்த ஈரத்தில் சாம்பல் நிறத்தில் ரப்பர்த் தோல் மாதிரி ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளினேன். நூல் மாதிரி நீளமாக வந்தது.

"டூப்ளிகேட் மாலக் குடுத்துட்டான்" என்றார் பிரபு. முகம் சிவந்திருந்தது. "கேஸ்கெட்டு சரியில்ல. ஒரே நாள்ல போவுமா? நான் போய்க் கேட்டுட்டு வர்றேன். பேஜார் பண்ணிட்டானே."

அவர் கை கழுவப் போன நேரத்தில், மேசை ஓரத்தில் கிடந்த அந்த மடித்த காகிதத்தைப் பிரித்தேன். ஆறு மொழியில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. இதை உலர்ந்த நிலையில் பொருத்தவும். எந்தப் பசையும் எந்த ஒட்டுப்பொருளும் பயன்படுத்தக் கூடாது. பக்கத்திலேயே ஒரு ட்யூப் படம் போட்டு அதன்மேல் பெருக்கல் குறி, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான். எம்.எஸ்ஸி.

அந்தக் காகிதத்தைத் திருப்பி மடித்தேன். ஏன் மடித்தேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தேன். வேலைக்கு இன்னும் ஏழு நாள். வாகனத் தகுதிச் சான்று முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் மறுபடி முழுவதும் கழற்ற வேண்டும். அவர் தூக்கம் கெட்டு ஒரு வாரம் செய்த வேலையை நான் ஒரு ட்யூப்பில் அழித்திருக்கிறேன். சொல்லாவிட்டால்? கடைக்காரர் ஒருவேளை வேறு கேஸ்கெட் கொடுத்துவிடுவார். தப்பு எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஃபேக்டரியிலும் அம்மா மாதிரி ஒருத்தி இருப்பாள். திரும்பி வந்த மாலுக்கு யார் கை என்று அங்கேயும் கேட்பார்கள். ஆம்பூரில் அப்படி ஒரு முறை கேட்டபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் ஒட்டிய ஷூ இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பிரபு வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"போவாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"கேஸ்கெட்டு நல்ல கேஸ்கெட்டுதான். நான்தான் கெடுத்துட்டேன்." காகிதத்தை நீட்டினேன்.

அவர் படித்தார். அந்தப் படத்தையும் பார்த்தார். ஒரு லேஸ் கட்டியபடி, ஒரு லேஸ் கட்டாதபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ட்யூப அழுத்துனது யாரு?" என்றார்.

"நீங்க."

"அப்பறம் இன்னா, நீ கெடுத்துட்ட, நீ கெடுத்துட்டன்னு? ரெண்டு பேரும் சேந்துதான் என்ஜினுக்கு சோல் ஒட்டியிருக்கோம்." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேள, சுத்தியால ரெண்டு தட்டு தட்டல."

தட்டலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நான் யோசித்ததை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

கடைக்குப் போனோம், சண்டை போட இல்லை. இன்னொரு கேஸ்கெட்டும் இன்னொரு பத்து போல்ட்டும் கேட்டோம். ஸ்டெப்னிக்காரர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு, நாளைக் காலை வந்துவிடும் என்றார்.

6

செவ்வாய்க்கிழமை காலை ஹெட்டை மறுபடி கழற்றி இறக்கினோம். மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன். ஆம்பூரில் அப்போது காலை ஏழு. வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் பேசுவது கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"ஏன்டி, நெருப்புல நிக்கிற சாமானுக்குப் பசையா தடவுன?"

"நீதானம்மா சொல்லுவ, ரெண்டு பக்கமும் தடவணும்னு."

"அது ஷூக்குடி. நான் இன்னா உன்ன லாரிக்குத் தடவச் சொன்னேனா?" பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சுமதி, இத கேளு. எம்பொண்ணு கார் இன்ஜினுக்கு சொல்யூஷன் தடவியிருக்குது."

சுமதி அக்கா அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்பவர். அவர் குரல் தூரத்திலிருந்து வந்தது. "பதம் பாத்துச்சாமா?"

"பாத்தேங்கா" என்றேன்.

"அப்ப நம்ம பேரக் காப்பாத்திட்ட. க்யூ.சி. பாஸு."

அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் வந்துவிட்டது. அம்மா ஏறுவதற்கு முன், குரலைத் தணித்துக்கொண்டு, "மாப்ள ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாள்.

"சொல்லல."

"சரி வை. பிசுறு இல்லாம எடு. கத்தி வெக்காத, கீறல் விழும். பொறுமையா உருட்டி உருட்டி எடு."

அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னதும் புத்தகம் சொன்னதும் ஒன்றாக இருந்தன. ஹெட்டின் முகத்திலும் பிளாக்கின் முகத்திலும் ஒட்டியிருந்த பசையைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, மீதியை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தேன். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அந்த வேலையே. அம்மா வேலை முடிந்து வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்து விரல்களிலிருந்து பசைத்தோலை இப்படித்தான் உரிப்பாள். பல வருடம் உரித்து உரித்து ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அவள் கட்டைவிரல் விழாது. நாலு விரலும் வைத்துப் பார்த்து, கடைசியில் கடைக்காரர் "போம்மா, நாளைக்கு வா" என்பார். இங்கே வருவதற்கு முன்னால், அவள் கூடப் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும். கராஜில் குனிந்து நின்றபோது, அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

புதன்கிழமை பள்ளி வாசலில் ரித்துவின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழந்தை தமிழே பேசுவதில்லை, நான் கூப்பிட்டால்கூட மற்ற பிள்ளைகள் முன்னால் புரியாத மாதிரி நிற்கிறாள் என்று ஏற்கனவே எனக்கு ஒரு கவலை உண்டு. அதைப் பற்றித்தான் ஏதோ என்று பயந்து போனேன்.

"வார இறுதியில் என்ன செய்தோம் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்" என்றார் டீச்சர். "ரித்து, எங்கம்மா காரை இரண்டு முறை உடைத்தாள் என்று சொன்னாள். பிறகு எங்கள் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். பாத்துக்கலாம். அர்த்தம் என்ன என்று கேட்டால், கார் உடைந்தால் அப்பா சொல்வது என்கிறாள். இப்போது பசங்க கிரேயான் உடைந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள்."

இருபது வெள்ளைக்காரக் குழந்தைகள் எங்கள் பள்ளிகொண்டா வார்த்தையைச் சொல்கின்றன. அது தேறுமா, அவளுடைய தமிழ் இதோடு நின்றுவிடுமா, எனக்குத் தெரியாது. வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் சந்தோஷமாகவே யோசித்தேன்.

7

வியாழக்கிழமை கேஸ்கெட்டை வைத்தோம். உலர்ந்த கேஸ்கெட், உலர்ந்த ஹெட், உலர்ந்த பிளாக். "இருங்க, பாத்துடறேன்" என்று நான் சொன்னபோது பிரபு கிண்டல் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பத்து போல்ட்டையும் அவரே இறுக்குவார் என்று நினைத்தேன். ஐந்தை இறுக்கிவிட்டு ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"எனக்கா? வேணாங்க. ஏதாவது ஆயிடப் போவுது."

"ஆனா இன்னா? முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தெனம் நீதானே ஓட்டப் போற. இறுக்குனது யாருன்னு யோசிச்சினே போவ. நீயே இறுக்கிடு."

இறுக்கினேன். அளவு வந்ததும் ஸ்பேனர் "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஐந்து முறை அந்தச் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை நிலையத்தில் நின்றோம். சோதனை செய்த இளைஞர் பிரேக் பார்த்தார், டயர் பார்த்தார், அடியில் குனிந்து கசிவு பார்த்தார். என்ஜினை நாங்களே கழற்றி மாட்டினோம் என்று பிரபு அவரிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்து அந்த இளைஞர் காகிதத்தோடு வந்து, தேறவில்லை என்றார்.

காகிதத்தை வாங்கிக் கசிவு என்ற வார்த்தையைத் தேடினேன்.

"நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. எரியவில்லை."

"என்ஜின்?" என்று கேட்டேன்.

"என்ஜினுக்கு என்ன?" என்றார்.

எதிர்க்கடையில் பல்பு வாங்கி, வாசலிலேயே மாட்டி, அரை மணி நேரத்தில் சான்று வாங்கிவிட்டோம். கண்ணாடியில் அந்தச் சின்னச் சீட்டை ஒட்டும்போது, "இதுக்குப் பதம் பாக்கணுமா?" என்றார் பிரபு. அவர் தோளில் ஒரு அடி வைத்தேன்.

8

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு வேலை. ரித்துவைப் பிரபு பார்த்துக்கொண்டார். நான் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். மேட்டில் முள் ஏறவில்லை. இறக்கத்தில் ஏறவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஏறவில்லை. சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். அது பாதியில் நின்றது, நின்றபடியே இருந்தது.

ஏழு நாற்பதுக்குப் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, அணைக்க மனம் வரவில்லை. ஓடுகிறவரை ஓடுகிறது. அணைத்த பிறகு, சாயங்காலம் எடுக்காவிட்டால்? எடுத்து, பாதி வழியில் புகை வந்தால்? முதல் நாளே விடுப்புக் கேட்பதா? சாவியில் கை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காராக வந்து நின்றது. எல்லாரும் சர்வசாதாரணமாக அணைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேள்வி கேட்ட பெண். கையில் காபிக் கோப்பை. கண்ணாடியை இறக்கினேன்.

"சீக்கிரமே வந்துவிட்டாய்" என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த என்ஜினைப் பார்த்து, "காரில் ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான், அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. சாவியைத் திருப்பி அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை ஒரே முறை பூட்டிவிட்டு அவரோடு உள்ளே போனேன்.